கேள்வி–பதில்: உணவைக் குறைக்கும் நோய்கள் பற்றிய ஆய்வில் பிள்ளைகளும் பெற்றோரும்

அனோரெக்ஸியா நெர்வோசா (பெரும்பாலும் எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பது), ஆர்ஃபிட் (அந்தப் பயம் இல்லாமலே பல உணவுகளைத் தவிர்ப்பது) போன்ற, உணவைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்களைப் பற்றிய ஆய்வுகளில் இப்போது பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆலோசகர்களாகச் சேர்க்கிறார்கள். அதையொட்டி வாசகர்கள் கேட்டவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

என் 16 வயது மகளுக்கு அனோரெக்ஸியா இருந்தது. ஒன்றரை வருட சிகிச்சைக்குப் பிறகு பள்ளிக்குப் போகிறாள். இருவரையும் ஓர் ஆய்வின் "ஆலோசனைக் குழு"வுக்கு அழைத்திருக்கிறார்கள். ரத்தம் எடுப்பார்களா, எடை பார்ப்பார்களா? எங்களுக்கு என்ன தெரியும் என்று கூப்பிடுகிறார்கள்?
— வாசகி, திருச்சி

ஆய்வில் பங்கேற்பது ஒன்று, ஆய்வுக்கு ஆலோசனை சொல்வது இன்னொன்று. பங்கேற்பவரின் ரத்தம், எடை, பதில்கள் எல்லாம் ஆய்வுக்கான தகவல். ஆலோசகர் அந்தத் திட்டத்தையே படித்துப் பார்த்து, எது நடக்கும், எது நடக்காது, எந்தக் கேள்வி வலிக்கும் என்று சொல்பவர். உங்களை அழைத்திருப்பது இரண்டாவதற்கு. எனவே ரத்தமும் கிடையாது, எடையும் கிடையாது. ஆலோசனைக் கூட்டத்தில் யாராவது மகளின் எடையைக் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

பிரிட்டனில் இதற்கென்றே 1996இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பிறகு "இன்வால்வ்" என்ற பெயரில் அறியப்பட்டது. மக்களை வைத்து ஆய்வு செய்வது போதாது, மக்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்களுக்கு என்ன தெரியும் என்றா கேட்கிறீர்கள்? வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வா என்றால் பொதுத்தேர்வு நேரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்பது தெரியும். "சிகிச்சையை மறுத்தவர்கள்" என்று படிவத்தில் அச்சடித்திருந்தால் மகள் அதோடு பேனாவை மூடிவிடுவாள் என்பதும் தெரியும். திட்டம் எழுதுகிறவருக்கு இவை தெரிந்திருப்பதில்லை.

சேரும் முன் சிலவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை கூட்டம், எந்த மாதம் வரை, போக்குவரத்துச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் சிகிச்சைக்குப் பாதிப்பு வருமா. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆய்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. நிதியும் நெறிமுறைக் குழு அனுமதியும் வந்துவிட்ட திட்டத்தில் துண்டறிக்கையின் வாசகத்தைத் தவிர வேறு எதையும் மாற்றுவது கடினம். பந்தி முடிந்த பிறகு உப்புப் பார்க்கக் கூப்பிடுவது போலத்தான் அது.

மகளுக்கு இது ஏற்ற நேரமா என்பதை அவளுக்குச் சிகிச்சை தருபவரிடம் கேளுங்கள். பட்டினி தன்னளவிலேயே மனதை மாற்றும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஆரோக்கியமான 36 ஆண்களைப் பல மாதம் அரைப்பட்டினி வைத்துப் பார்த்தார். அவர்கள் நாள் முழுக்க உணவையே நினைத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். உடல் இன்னும் அந்த நிலையில் இருக்கும் பிள்ளை மீது கூட்டப் பொறுப்பை ஏற்றக் கூடாது. நாடித்துடிப்பும் எடையும் நிலைப்பட்டு, சாப்பாட்டு நேரங்கள் ஒழுங்கான பிறகு வரட்டும்.

உளவியலில் பிஎச்.டி. செய்கிறேன். சாப்பாடு குறித்த மனப்போக்கை அளக்கும் ஈ.ஏ.டி–26 உள்ளிட்ட கேள்வித்தாள்களைத் தமிழில் மொழிபெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்துவிட்டேன். இனி இளைஞர்களிடம் காட்டி என்ன ஆகப் போகிறது?
— ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கும். சிக்கல் அதற்கு வெளியே இருக்கிறது.

26 கேள்விகள் கொண்ட அந்தத் தாளில் "உணவைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒன்று உண்டு. கத்தியும் முட்கரண்டியும் வைத்துச் சாப்பிடும் மேசைக்கு எழுதியது. கையால் பிசைந்து சாப்பிடும் பெண் இதற்கு "ஒருபோதும் இல்லை" என்று நேர்மையாகவே குறித்துவிட்டுப் போவாள். அதே பெண் அரை இட்லியை இருபது நிமிடம் கிள்ளிக்கொண்டிருப்பாள், தோசையின் ஓரத்தை மட்டும் பிய்ப்பாள், சோற்றைத் தட்டெங்கும் பரப்பி சாப்பிட்டது போலக் காட்டுவாள். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவளும் அவள் அம்மாவும்தான். மொழிபெயர்ப்பாளர் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் இது அகப்படாது.

"சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்துகிறார்கள்" என்பது இன்னொன்று. நம் ஊரில் இதற்கு "ஆமாம்" போடாத ஆள் யார்? விருந்துக்குப் போனால் இலையை மூடும்வரை வற்புறுத்தல்தான். நோய் இல்லாதவர்களுக்கும் இங்கே மதிப்பெண் ஏறும்.

விரதம் இன்னும் சிக்கலானது. உணவுக் கோளாறின் அறிகுறிகளைக் கடந்த 28 நாட்களுக்குக் கேட்கும் ஈ.டி.இ–கியூ என்ற இன்னொரு தாளில், உடல் வடிவத்தையோ எடையையோ மாற்றுவதற்காக விழித்திருக்கும் நேரத்தில் 8 மணி நேரமோ அதற்கு மேலோ எதுவும் சாப்பிடாமல் இருந்த நாட்கள் எத்தனை என்று ஒரு கேள்வி வரும். சஷ்டி, வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனி என்று விரதத்துக்குள் ஒளிந்துகொள்ளும் பிள்ளை "பூஜ்யம்" என்று எழுதும். காரணம் சாமி, எடை இல்லையே! போன வருடம் மாதம் ஒரு விரதம், இப்போது வாரம் மூன்று என்ற கணக்கு வீட்டில்தான் இருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டுமான பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 1993இல் ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீயும் சகாக்களும் அனோரெக்ஸியா உள்ள 70 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே காணப்படவில்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றார்கள். குண்டாகும் பயத்தை மையமாக வைத்த கேள்வித்தாள் இவர்களை நலமானவர்கள் என்றே காட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். நோயிலிருந்து மீண்டுவரும் 6 முதல் 8 இளையவர்கள், தனியாக 4 அல்லது 5 பெற்றோர். ஒருவரோடு ஒரு தடவைக்கு 30–40 நிமிடம், 10–12 கேள்விகளுக்கு மேல் வேண்டாம். கேள்வியை அவர்களே உரக்கப் படிக்கட்டும். "இதைப் படித்ததும் மனதில் என்ன வந்தது? வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" இந்த இரண்டு மட்டும் கேளுங்கள். ஐந்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையில் எழுதி வையுங்கள்: மூலக் கேள்வி, உங்கள் தமிழ், அவர்கள் புரிந்துகொண்டது, செய்த மாற்றம், அதன் காரணம். ஏற்காமல் விட்ட யோசனைகளுக்கும் காரணம் எழுதுங்கள். பின்னால் கட்டுரை எழுதும்போது ஆய்வில் மக்களை எப்படிச் சேர்த்தோம் என்று எழுதுவதற்காக 2017இல் வந்த கிரிப்–2 பட்டியல் கேட்பது ஏறக்குறைய இதைத்தான்.

ஓர் எச்சரிக்கை. நிலைபெற்ற கேள்வித்தாளின் வாசகத்தை விருப்பம்போல் மாற்றினால் மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாது, உரிமையாளரின் அனுமதியும் தேவைப்படும். மூலத் தாளை அப்படியே வைத்துக்கொண்டு, இளையவர்கள் சொன்னதிலிருந்து ஏழெட்டுத் தனிக் கேள்விகளைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதே பல நேரம் நல்ல வழி.

கூடவே, தலைப்பில் "பசியின்மை நோய்" என்று எழுதியிருந்தால் அதையும் அவர்களிடம் காட்டுங்கள். அனோரெக்ஸியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் அதுதான். ஆனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பசி இருக்கும், அதோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள். பசியே இல்லையாம் என்று ஊர் சொல்லும்போது அந்தப் போராட்டம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

எங்கள் மருத்துவமனையில் இளையவர்கள் ஆலோசனைக் கூட்டத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பு எனக்கு. காலை 10 முதல் 1 மணி வரை, பிறகு மதியச் சாப்பாடு என்று போட்டிருக்கிறோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
— உணவியல் நிபுணர், மதுரை

முதலில் அந்த நேரத்தை மாற்றுங்கள். மீண்டுவரும் பிள்ளைகள் பலருக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுணவு என்று திட்டம் இருக்கும். உங்கள் மூன்று மணி நேரம் 11 மணிச் சிற்றுணவை விழுங்கிவிடும். அதைத் தவிர்க்க நோய்க்கு ஒரு சாக்குப் போதும், அதை மருத்துவமனையே தந்ததாக ஆகிவிடும். மதியச் சாப்பாடு அதைவிட மோசம். முன்பின் தெரியாத எட்டுப் பேர், எல்லாருக்கும் ஒரே நோய், ஒவ்வொருவர் கண்ணும் அடுத்தவர் தட்டில். 75 நிமிடம், இரண்டு வேளைகளுக்கு நடுவில் முடிகிற மாதிரி வையுங்கள். இங்கே 2.30 முதல் 3.45 வரை பொருந்தும். சாப்பாடு பரிமாற வேண்டாம். கொண்டுவந்ததைச் சாப்பிட விரும்புகிறவருக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கட்டும்.

குழுவில் 4 முதல் 6 பேர். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள். உடல் மெலிந்தவர்களுக்குக் குளிர் தாங்காது, ஏ.சி.யைக் குறைத்து வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் எலும்பு உறுத்தும், மெத்தை போட்ட நாற்காலி தேவை. சுவரில் எடை–உயர அட்டவணை, "கொழுப்பைக் குறையுங்கள்" சுவரொட்டி, பெரிய கண்ணாடி எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளை முன்பு அனுமதிக்கப்பட்டிருந்த வார்டின் பக்கமே போகாதீர்கள். இணையவழிக் கூட்டமானால், திரையில் தன் முகமே ஒரு மணி நேரம் தெரிவது பலருக்குச் சித்திரவதை. தன் படத்தை மறைப்பது எப்படி என்று ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுங்கள், கேமராவை அணைக்கவும் அனுமதியுங்கள்.

ஒப்பந்தம் ஒன்று: எடை, கலோரி, உடையளவு என எந்த எண்ணும் கூட்டத்தில் வராது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். மருத்துவர் ஒருவர் பேச்சுவாக்கில் "அந்தப் பெண் இத்தனை கிலோவில் வந்தாள்" என்று சொன்னால், கேட்கிற பிள்ளைக்கு அது போட்டிக்கான இலக்காகிவிடும்.

இந்த நோய்க்கே உரிய இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற கச்சிதவெறி. ஐந்து பக்கத் திட்டத்தை அனுப்பி "கருத்துச் சொல்" என்றால், பரீட்சை போல எடுத்துக்கொண்டு இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து நாற்பது குறிப்பு எழுதி அனுப்புவார்கள். நீங்கள் மகிழ்ந்து போவீர்கள், அவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும். ஆகவே எல்லை போட்டே அனுப்புங்கள்: இரண்டு பக்கம், 30 நிமிடம், மூன்று கேள்வி, எழுத்துப்பிழை திருத்த வேண்டாம்.

இரண்டாவது, யார் மனமும் நோகாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. "இந்தத் துண்டறிக்கை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றே பதில் வரும். "இதில் எந்த மூன்று வாக்கியத்தைக் கிழித்துப் போடலாம்?" என்று கேளுங்கள். பெயரில்லாத துண்டுச்சீட்டு, புளியங்கொட்டை வைத்து வாக்களிப்பது எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்.

கூட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஒருவர் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். யார் செய்வது என்பது அழைப்பிலேயே பெயரோடு இருக்கட்டும். கூட்டம் நடக்கும்போது அறைக்கு வெளியே ஒரு மனநல ஆலோசகர் இருக்கட்டும், உள்ளே வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கக் கடிதம்: நீங்கள் சொன்னது இது, மாற்றியது இது, மாற்ற முடியாதது இது, காரணம் இது. பெரும்பாலான குழுக்கள் உடைவது இந்தக் கடிதம் போகாததால்தான். பணமாகவோ பரிசுச்சீட்டாகவோ கொடுப்பதானால் ஓட்டல், உணவு டெலிவரி, ஜிம், துணிக்கடைச் சீட்டுகள் வேண்டவே வேண்டாம். புத்தகக்கடைச் சீட்டு பரவாயில்லை. வழிச்செலவை அன்றே கையில் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் காசோலையை நம்பி அடுத்த கூட்டத்துக்கு யாரும் ஆட்டோ பிடிக்க மாட்டார்கள்.

ஒரு ஆய்வுக் கூட்டத்தில் என் மனைவியிடம், "வீட்டில் உடம்பைப் பற்றிப் பேசுவீர்களா?" என்று கேட்டார்கள். அன்று இரவெல்லாம் அழுதாள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் பெற்றோரைக் கூப்பிடுகிறார்களா? மகளோடு ஒரே கூட்டத்தில் உட்காருவது சரியா?
— ஒரு தந்தை, சென்னை

உங்கள் கோபத்துக்குப் பழைய காரணம் இருக்கிறது. இந்த நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், 1870களிலேயே, இந்த நோயாளிகளைக் கவனிக்க உறவினர்கள்தான் பொதுவாக மிக மோசமானவர்கள் என்று எழுதிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் பெற்றோரை விலக்கி வைப்பதே வைத்தியம் என்று நினைத்தார்கள். 1987இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு 80 நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுக்கு மேல் நீடிக்காதவர்களுக்குக் குடும்பத்தையும் சேர்த்துத் தந்த சிகிச்சை, தனிநபர் சிகிச்சையைவிட நன்றாகப் பலித்தது. உணவுக் கோளாறு நிபுணர்களின் பன்னாட்டுச் சங்கமான ஏ.இ.டி., குடும்பமே நோய்க்கு மூல காரணம் என்று சொல்லும் எந்தக் கருத்தையும் ஏற்க முடியாது என்று 2010இல் அறிக்கையே வெளியிட்டது. நமக்குப் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி. 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் ஏற்பாடு இருந்தது. குடும்பத்தைத் துணையாகப் பார்ப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். "அந்த முதல் ஆறு மாதத்தில் யார் என்ன சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்?" இதற்கு வரும் பதிலில் ஆய்வாளருக்கு வேண்டியதெல்லாம் இருக்கும், யாரும் அழ மாட்டார்கள். இதை அவர்களிடமே சொல்லுங்கள்; ஆலோசகரின் வேலையே அதுதான்.

சேர்ந்து உட்காருவதா என்றால், முதல் சுற்றுகளில் வேண்டாம். சிகிச்சையிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 2000ஆம் ஆண்டு அதே லண்டன் குழுவைச் சேர்ந்த ஐவன் ஐஸ்லரும் சகாக்களும் 40 இளையவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், தாய் அதிகம் குறைசொல்லும் பிள்ளைகளுக்கு, பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே பார்த்தபோதே நல்ல பலன் கிடைத்தது. ஆலோசனைக் கூட்டம் சிகிச்சை இல்லைதான். ஆனால் அம்மா எதிரே இருக்கும்போது "எடை கூடியதும் எல்லாரும் நிம்மதியாகப் போய்விட்டார்கள், என் தலைக்குள் சத்தம் ஓயவில்லை" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. பிள்ளை எதிரே இருக்கும்போது, "எனக்கு முதலில் எடை ஏறினால் போதும், உயிர் இருந்தால்தானே மற்றது" என்று அம்மாவும் சொல்லமாட்டார். இரண்டும் தேவை. தனித்தனியே கேட்டு, அனுமதியோடு எழுத்தில் பரிமாறி, மூன்றாவது கூட்டத்தில் சேர்க்கலாம். கருத்து மோதினால் வாக்கெடுப்பு வேண்டாம். ஆய்வின் முதன்மை அளவுகோலாக எடையை வைத்தாலும், உணவைப் பற்றிய சிந்தனை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, பள்ளிக்குத் திரும்பிய நாட்கள், வீட்டில் சேர்ந்து சாப்பிட்ட வேளைகள் போன்றவற்றை இரண்டாம் நிலை அளவுகோல்களாகச் சேர்க்க இடமிருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் எழுதியது நல்லது. இந்தக் குழுக்களில் அப்பாக்கள் அரிது, தாத்தா பாட்டி அதைவிட அரிது. காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு அப்பாக்கள் வரவில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். ஞாயிறு மாலை வையுங்கள் என்று கேளுங்கள். அண்ணன் தங்கைகளையும் விட்டுவிட வேண்டாம். சாப்பாட்டு மேசைச் சண்டையை வாய் திறக்காமல் பார்த்தவர்கள் அவர்கள்.

எனக்கு 17 வயது. வீட்டுக்குத் தெரியாமல் ஆலோசனைக் குழுவில் சேர முடியுமா? நான் சொல்வதெல்லாம் அம்மாவுக்குப் போகுமா?
— பெயர் வேண்டாம்

இந்தியாவில் 18 வயதுக்குள் ஆய்வில் பங்கேற்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதோடு உங்கள் ஒப்புதலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி 7 வயதிலிருந்து வாய்மொழியாகவும், 12 வயதுக்கு மேல் எழுத்திலும் அதைக் கேட்க வேண்டும். ஆலோசனை சொல்வதும் பங்கேற்பதும் வேறு என்றாலும், பொறுப்பான எந்தக் குழுவும் வீட்டுக்குத் தெரியாமல் உங்களைச் சேர்க்காது. பிரிட்டனில் 16 வயதானவர் பெரும்பாலான ஆய்வுகளுக்குத் தானே சம்மதிக்கலாம், இங்கே அப்படியில்லை.

கூட்டத்தில் பேசுவது அம்மாவுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு விதிவிலக்குகள்: உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவியைக் கூப்பிடுவார்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பேச்சுத் தொடங்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் இப்போது சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஆய்வு காத்திருக்கட்டும். தலைசுற்றல், மயக்கம், மாதவிடாய் நிற்பது, எப்போதும் குளிர்வது இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி–மானஸ் 14416, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

லண்டனில் இருக்கிறோம். 13 வயது மகனுக்கு ஆர்ஃபிட். குழுவில் எல்லாரும் அனோரெக்ஸியா வந்த பெண்பிள்ளைகள். "எனக்கு இங்கே வேலையில்லை" என்கிறான். எனக்கும் ஆங்கிலத்தில் விரிவாகப் பேச வராது.
— வாசகி, லண்டன்

மகன் சொல்வது சரி. 2013இல் டி.எஸ்.எம்.–5 என்ற அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் தனி நோயாகச் சேர்க்கப்பட்ட ஆர்ஃபிட்டில் எடை பற்றிய பயம் கிடையாது. உணவின் மணம், வழவழப்பு, மொறுமொறுப்பு தாங்காதது, தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயம், சாப்பாட்டில் அக்கறையே இல்லாமை என்று அது வேறு பாதை. அனோரெக்ஸியா குழுவில் உணவின் பெயரைச் சொல்லாதே என்று விதி வைப்பார்கள். அவனுக்கோ தயிரின் வழவழப்பைப் பற்றிப் பேசாமல் சொல்ல எதுவுமே இல்லை. ஒரு குழுவைக் காக்கும் விதி இன்னொரு பிள்ளையின் வாயைக் கட்டுகிறது. தனிக் குழுவோ, ஒருவரோடு ஒருவர் பேசும் நேரமோ கேளுங்கள். கேள்விகளை மூன்று நாள் முன்பே எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதியோ வரைந்தோ பதில் தரவும் விடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்பது சலுகை இல்லை, ஆய்வின் செலவுக் கணக்கில் இருக்க வேண்டிய ஒன்று. மகனையே மொழிபெயர்க்க வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே சுகாதார ஆய்வுகளுக்கு அரசு நிதி தரும் என்.ஐ.எச்.ஆர். அமைப்பின் வழிகாட்டுதல், ஆலோசகர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் பணம் தரச் சொல்லி வந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரத்தையும் அதில் சேர்த்துக் கேளுங்கள். அரசு உதவித்தொகை வாங்குகிறவராக இருந்தால், பணத்தை ஏற்கும் முன் அது வருமானமாகக் கணக்கிடப்படுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.